சேவல் நெஞ்சில் மூன்று ஓட்டைகள்

போர் மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதையை மறுபடி மூடிய 2006இல், மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு பழம்பொருள் வியாபாரியின் கிடங்கில் வேலை செய்தேன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்துக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்ய முதலாளி ஒரு வேலைக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதுவரை வேலை பறிபோகக் கூடாது என்பதுதான் என் ஒரே செபம்.

புதன்கிழமை ஒரு செப்புச் சேவல் வந்தது. பண்ணைக் கூரையின் உச்சியில் நின்று காற்றின் திசையைக் காட்டிய பழைய சேவல். யாரோ ஒரு கொல்லன் கையாலேயே தட்டித் தட்டி வாலில் ஒவ்வோர் இறகாக எழுப்பியிருந்தான். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்தும் அதன் திமிர் குறையவில்லை. துடைத்துக்கொண்டு போன என் விரல் அதன் நெஞ்சில் ஓர் ஓட்டைக்குள் இறங்கியது. பக்கத்தில் இன்னும் இரண்டு. விளிம்புகள் உள்ளே மடிந்திருந்தன. துப்பாக்கிச் சூடு. கிடங்குக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மொன்றியலில் யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் பார்த்தேன்.

இடம்பெயர்ந்து வீடு திரும்பினால், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சுவரிலுள்ள சூட்டு ஓட்டைகளை அடைப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. என் கை யாரையும் கேட்கவில்லை. ஈயம் உருக்கி மூன்றையும் அடைத்து, தேய்த்து, மேலே பச்சையும் பூசினேன். வேலை சுத்தம் என்று எனக்கே பெருமை.

வெள்ளி காலை முதலாளி சேவலின் நெஞ்சைத் தடவினார். மதியம் வாங்குகிறவர் வருகிறார், ஓட்டைகள் எங்கே என்று கேட்டார். அந்தக் காலத்தில் பண்ணை இளைஞர்கள் கூரைச் சேவலைக் குறிபார்த்துச் சுடுவார்களாம், விளையாட்டுக்கு. அது உண்மையாகவே கூரையில் நின்றதற்கு அந்த ஓட்டைகள்தான் சாட்சியாம். கடிதம் கையெழுத்தில்லாமல் அவர் மேசையில் கிடந்தது.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால், நான்தான் அடைத்தேன், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் அடைப்போம் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, திரும்பத் திற என்றார்.

சூடு கொஞ்சம் கூடினால் சேவலின் இரண்டு பாதிகளையும் ஒட்டியிருந்த பழைய ஈயமும் உருகிப் பிளந்துவிடும். செபித்தபடியே சொட்டுச் சொட்டாக எடுத்தேன். விளிம்புகள் தப்பின. வாங்க வந்தவர் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சிரித்தார். நான் மற்றப் பக்கம் பார்த்தேன். அவர் போனதும் முதலாளி கையெழுத்துப் போட்டார்.

பின்னேரம் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் போன் அட்டை வாங்கி, அங்கே விடிகிற நேரம் பார்த்து மனைவிக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்க முன் அவள் சொன்னாள்: "இஞ்சையப்பா, ராத்திரி றோட்டிலை சூடு. எங்கடை முன்சுவரிலை ரெண்டு ஓட்டை. அடைக்கச் சீமெந்தும் இல்லை. பிள்ளை எழும்பிக் கேட்டால் என்ன சொல்லுறது?"

நான் சொன்னேன்:

"சேவல் கொத்தினது எண்டு சொல்லும்."

அவள் சரி என்றாள். அதற்குப் பிறகுதான் கடிதம் கிடைத்ததைச் சொன்னேன்.