மேற்கே கேட்ட சத்தம்

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் சாத்தூரில் சத்தம் கேட்டால் யாரும் மழையை நினைப்பதில்லை, புகையைத்தான் தேடுவோம். மேற்கே, சிவகாசிப் பக்கம், வானம் கறுத்திருந்தது. என் மகள் அங்கே ஒரு வெடி கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போனை எடுக்கவில்லை.

"எந்தக் கம்பெனின்னு தெரியலையே. பதறாதீகக்கா" என்ற பக்கத்து வீட்டுக்காரியும் மேற்கே புகையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டு தெருமுனையில் நின்றேன். கையில் முதல் துளி விழுந்தபோதும் எனக்கு அது மழையென்று உறைக்கவில்லை.

கம்பெனி வேனிலிருந்து மகள் நனைந்தபடி இறங்கினாள்.

"மின்னல் வெட்டுதுன்னு வேலைய நிறுத்தி எல்லாரையும் அனுப்பிட்டாகம்மா. இடிச்சதுக்குப் போயா இம்புட்டு அழுகை? சீசன் நேரம், நாளைக்கு வெள்ளனவே வரச் சொல்லிருக்காக."