ஒரு முட்டை, மூன்று பங்கு

பிள்ளைக் கொட்டகைச் சுவரில் கம்பவுண்டர் ஒட்டிவைத்த தாள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஏழு நாளுக்கு ஏழு கட்டம். கட்டத்துக்குள் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். ஒன்றில் முருங்கை இணுக்கு, ஒன்றில் நெத்திலி, ஒன்றில் தோலோடு நிலக்கடலை. சிறுபயறு மட்டும் எல்லாக் கட்டத்திலும் புள்ளி புள்ளியாக இருக்கும். நீலப் பென்சிலால் வரைந்து, புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியாலேயே நாலு மூலையும் ஒட்டியிருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதற்காகத்தான் படமாகப் போட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை விட வந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன யக்கா, ஒனக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடம் வந்துட்டு போலயே" என்றாள் ஒருத்தி. அன்று முழுக்க நான் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எழுத்தெல்லாம் பிற்பாடு என் மருமகளிடம் கற்றுக்கொண்டதுதான். அதனால்தான் இதை மெல்ல மெல்லவாவது எழுத முடிகிறது.

அறுபதுகள் முடியப்போகிற சமயம் அது. திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஏறிய குடும்பங்கள்தான் லயத்து வீடுகளில் அதிகம். பெண்கள் கொழுந்து கிள்ளப் போனால் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்க ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே நான் ஆயா. இருபதுக்குக் குறையாத பிள்ளைகள். காலையில் கஞ்சி, மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கு, சாயங்காலம் பாலில்லாத கட்டன் சாயா. எந்தப் பிள்ளையும் என் கொட்டகையிலிருந்து பசியோடு வீட்டுக்குப் போனதில்லை. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன். மத்தளம் மாதிரி இருந்தால் போதும், என் வேலை முடிந்தது என்று நினைப்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. கடைசி வீட்டுக்காரியின் மகள், இரண்டு வயது. அவளுக்குக் கீழே தம்பி பிறந்து, பால்குடி மறந்த பிள்ளை. நாங்கள் பூசணி என்று கூப்பிடுவோம். கன்னமும் காலும் அப்படித் தளதளவென்று இருக்கும். முடி மட்டும் செம்பட்டையாக மாறிக்கொண்டு வந்தது. "வெள்ளைக்காரி வாராடே" என்று அதையும் சொல்லிச் சிரிப்போம். உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், ஓடமாட்டாள், இன்னொரு பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கமாட்டாள். இத்தனை சமர்த்தை நான் பார்த்ததில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்வேன். அவள் சந்தோஷப்பட்டு, கண்பட்டுவிடக் கூடாதென்று மறுநாள் கன்னத்து மைப்பொட்டை இன்னும் பெரிதாக வைத்துவிடுவாள். துரையம்மா கொட்டகையைப் பார்க்க வந்த அன்றுகூட நான் பூசணியைத்தான் தூக்கி முன்னால் காட்டினேன்.

கம்பவுண்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். காய்ச்சலுக்கு மாத்திரையும் வெட்டுக்காயத்துக்குக் கட்டும் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். யாரும் கேட்காமலே கொட்டகைக்கு வந்து, பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று பானையைத் திறந்து பார்த்தார். "வயிறு நெறையது வேற, மேலு தேறுது வேற யக்கா. மரச்சீனி வயித்ததான் நெறைக்கும்" என்றார். அப்புறம் பூசணியை மடியில் வைத்து, அவள் புறங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. பிசைந்த மாவில் விழுகிற மாதிரி விழுந்து, அப்படியே நின்றது. "இது சதையில்ல யக்கா, நீரு. இந்தக் கொட்டகையில ரொம்பக் காஞ்சு கெடக்கது இந்தப் பிள்ளதான்."

நான் விடவில்லை. "பச்சப்பிள்ள மேலு அமுக்குனா குழியத்தான் செய்யும் கம்பவுண்டரய்யா. ஒங்களுக்கு ஒரு பிள்ள பொறக்கட்டும், அப்பந் தெரியும்" என்றேன். கல்யாணமாகாத மனிதர், முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் நின்ற ஒரு நோஞ்சான் பயலின் காலை இழுத்து அதேபோல் அழுத்திக் காட்டினார். அங்கே குழி நிற்கவில்லை. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுப்பை ஊதப் போய்விட்டேன்.

கம்பவுண்டர் எஸ்டேட் பெரிய ஆபீசில் போய் நின்று, ஏச்சும் வாங்கி, சிறுபயறும் கடலையும் வாங்கிவந்தார். கூடவே நாளுக்கு ஒரு முட்டை. ஒன்றுக்கு மேல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஒன்று பூசணிக்கு என்றார். அவளுக்குப் பயறுக்கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, அதனால் சின்னதாக, சத்தாக ஒன்று உள்ளே போகவேண்டும், வேறு யாருக்கும் பங்கு வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

தாளில் இருந்தபடி மற்றதையெல்லாம் செய்தேன். கீரை ஆய்ந்தேன், பயறு வேகவைத்தேன், கடலையை இடித்துக் கஞ்சியில் போட்டேன். முட்டையை மட்டும் அவர் சொன்ன இடத்தில் கொடுக்கவில்லை. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு முழு முட்டை, எலும்பு தெரிகிற பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்றால் அது எந்த நியாயம் என்று நினைத்தேன். அவித்த முட்டையை நூலால் மூன்றாக அறுப்பேன். நூலால் அறுத்தால் மஞ்சள் உதிராது. கொட்டகையில் மிகவும் மெலிந்த மூன்று பையன்களுக்கு ஆளுக்கொரு பங்கு. அந்த மூன்று பேரில் ஒருவன் என் மகன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நியாயம் என்று சொல்லிக்கொண்டேனே, அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பெற்ற வயிறு என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கம்பவுண்டர் வாரம் ஒருமுறை வந்து, "முட்ட குடுக்கியளா யக்கா?" என்பார். "தெனமும் குடுக்கேன்" என்பேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. கொடுக்கத்தானே செய்தேன். பையன்கள் மூன்று பேருக்கும் இரண்டு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. நான் செய்ததுதான் சரி என்று அதைப் பார்த்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். பூசணியின் காலை அழுத்தி, குழி அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போவதைக் கவனித்தேன். இளக்காரமாகத்தான் கவனித்தேன்.

மழை பிடித்த பிறகு பூசணிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டே நாள். மூன்றாம் நாள் காலையில் எஸ்டேட் லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கம்பவுண்டர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கைப்பிள்ளையோடு அவள் அம்மா பக்கத்தில். அந்த வளைவுகளில் இறங்கி டவுனைச் சேர எத்தனை நேரமாகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மத்தியானக் கஞ்சிக்கு உலை கொதிக்குமுன்பே லாரி திரும்பி ஏறிவரும் சத்தம் கேட்டது. யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் உலையில் அரிசியைப் போட்டேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பசிக்குமே.

நாலைந்து நாள் கழித்துக் கம்பவுண்டர் கொட்டகைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். "யக்கா, ஒருநாளாவது முட்ட விட்டுப் போச்சா? மறைக்காமச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. விட்டுப்போயிற்று என்று நான் சொல்லவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. பிள்ளையின் அம்மா கூப்பிடு தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றேன்.

"அப்ப எனக்குத்தான் ஒண்ணுந் தெரியல்ல" என்றார். சுவரில் இருந்த தாளை, மூலை கிழியாமல் பிளாஸ்திரியை உரித்து எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் பானையைத் திறந்து பார்க்கவில்லை. ஆபீசிலும் போய்க் கேட்கவில்லை. பயறு நின்றது, கடலை நின்றது, மறுபடியும் மரச்சீனிதான். மறுவருஷம் வேலையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார் என்று சொன்னார்கள். பிள்ளையின் அம்மா என்னோடு பத்து வருஷத்துக்கு மேல் பேசிப் பழகினாள். "எம்பிள்ளைய நீதானே யக்கா பாத்துக்கிட்ட" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இப்போது பக்கத்து அங்கன்வாடியில் முட்டை கொடுக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்று, முழுதாக. அந்த வழியாகப் போகவேண்டி வந்தால் நான் சுற்றிப் போகிறேன்.

அவரை இன்னும் ஒரே ஒருமுறை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில், மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்திருந்தோம். தலைவலித் தைலம் வாங்க மகனோடு ஒரு மருந்துக்கடையில் ஏறினேன். கல்லாவில் முதலாளி, மேசைக்கு அந்தப் பக்கம் அலமாரிக்கு முன்னால் மருந்து எடுத்துக்கொடுக்கிற ஆளாக அவர். தலை நரைத்துவிட்டது. "யக்கா! வாயி கொறைஞ்சிருக்கா, அப்படியேதான் இருக்கா?" என்று சிரித்தார். என் மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பதில் சொல்லுமுன் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து, ஒரு டானிக் பாட்டிலைக் காட்டி, பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது, என்ன கொடுத்தால் தேறும் என்று கேட்டாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "எனிக்கு அறிஞ்ஞூடா, டாக்டரோடு சோதிக்கூ" என்று மலையாளத்தில் சொன்னார். தனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேள் என்று. பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மகன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். "கம்பவுண்டரய்யா, அந்த முட்டைய நான் பூசணிக்குக் குடுக்கல்ல. ஒருநாளும் குடுக்கல்ல."

அவர் கையிலிருந்த தைலப் புட்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "பின்ன ஆருக்குக் குடுத்திய?" என்று கேட்டார். சொன்னேன். மற்ற இரண்டு பேரும் எங்கே என்றார். ஒருவன் பஸ்ஸில் டிரைவர், ஒருவன் எஸ்டேட்டிலேயே இருக்கிறான், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். அவர் என் மகனையே பார்த்தார். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் அவன்.

"அப்ப முட்ட வேல செஞ்சிருக்கு யக்கா" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். சொல்லிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மேசையின் தூக்குப் பலகையைத் தூக்கி வெளியே வந்து, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். பிள்ளையோடு வந்த பெண்ணைத் தேடுகிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. சாலையில் மூட்டை வண்டிகளும் ஆட்களுமாக நெரிசல். நடுத்தெருவில் நின்று அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மூட்டை சுமந்து வந்தவன் ஒருவன் அவரை விலகச் சொல்லிச் சத்தம் போட்டான். அவர் விலகாமல் நின்றுகொண்டே இருந்தார்.