கூரையில்லாத கோட்டைக்கு நான்கு ஞாயிறுகள்

சுற்றுலா வழிகாட்டி என்பவர் ஒரு பேருந்து நிறைய மனிதர்களை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேச வேண்டியவர். நானோ கடையில் கறிவேப்பிலை கேட்பதற்கே மனதுக்குள் மூன்று முறை ஒத்திகை பார்க்கிறவள். என்னைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டே பேசிப் பிழைக்கிறவர்கள் உங்களில் இருந்தால், இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

புதுச்சேரியிலிருந்து வந்து பாரிசில் வரலாற்றில் முதுகலை முடித்தேன். மாணவர் வதிவிட அட்டை காலாவதியாக இரண்டு மாதம் இருந்தபோது தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில், விமானச் சீட்டு விற்கும் கடையொன்றில் வேலை கிடைத்தது. முதலாளி சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பேருந்துச் சுற்றுலாவும் நடத்துவார். என்னை நான்கு ஞாயிறு பார்ப்பாராம். சனங்களுக்குப் பிடித்தால் நிரந்தர ஒப்பந்தம். அதைக் காட்டினால்தான் பிரெஃபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் எனக்குப் புதிய அட்டை. பிடிக்காவிட்டால் ஊருக்கு ஒருவழிச் சீட்டு. அதையும் அவர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே போகலாம் என்று கேட்டார். நான் ஆய்வேடு எழுதிய இடத்தைச் சொன்னேன். பாரிசுக்கு வடக்கே ஒன்றரை மணி நேரம். அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு சிறு பிரபு, சுற்றிலும் அகழி வெட்டி, மூலைக்கொரு கோபுரம் வைத்துக் கட்டிய பெரிய வீட்டின் இடிபாடு. வரலாற்றுச் சிறப்புள்ள இடம் என்றேன். உண்மையான காரணம், அங்கே கூட்டமே இருக்காது.

முதுகு

முதல் ஞாயிறு நாற்பத்தெட்டுப் பேர். பேருந்து நகரத்தைத் தாண்டியதும் எழுந்து மைக்கை எடுத்தேன். நாற்பத்தெட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. அப்படியே முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நூறாண்டுப் போரைச் சொல்ல ஆரம்பித்ததும் பேச்சு சரளமாக வந்தது. பிரெஞ்சுக்கார ஓட்டுநர் மரியாதைக்காக அவ்வப்போது தலையாட்டினார். ஒருவராவது ரசிக்கிறாரே என்று அவரைப் பார்த்தே மேலும் சொன்னேன்.

கால் மணி நேரம் கழித்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். முன்வரிசையில் இருந்த பவானி அக்கா. புறநகரான கூசேன்வில்லில் இருந்து வந்தவர், விமான நிலையத்தில் வேலை. எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பிள்ளை, அந்தாளுக்குத் தமிழ் தெரியாதெல்லோ. எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கோவன்."

சுவரொட்டியில் இருந்த வீடு

சுற்றுலாவுக்கான சுவரொட்டியை முதலாளியே இணையத்தில் ஏதோ ஒரு கோட்டையின் படம் எடுத்து அச்சடித்திருந்தார். நீலக் கூரைகள், ஏரி, அதில் நான்கு அன்னங்கள். எங்கள் இடத்தில் இருந்தவை மூன்று சுவர், ஒன்றரைக் கோபுரம், இரண்டு வாத்து. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சுவரைத் தாண்டி, அசல் வீடு அதற்குப் பின்னால் இருக்கும் என்று நடந்தார்கள். பின்னால் மாட்டுக்கொட்டில் இருந்தது. திரும்பி வந்தார்கள்.

திரான்சியிலிருந்து வந்த செல்வராசா அண்ணை முப்பது வருடமாகக் கட்டட வேலை செய்கிறவர். அவர் மட்டும் சுவரை விரலால் தட்டி, கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்து, தொழில்காரருக்குத் தொழில்காரர் காட்டும் அனுதாபத்தோடு கேட்டார்: "உவங்கள் எப்ப வேலையை விட்டிட்டுப் போனவங்கள்?"

ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயம்

அது கழிப்பறையைப் பற்றியது. சுவரிலிருந்து அகழிப் பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கல் அறை. உள்ளே கல் இருக்கை, அதில் ஒரு துளை, நேரே கீழே தண்ணீர். குளிர்காலத்தில் காற்று எப்படி மேலே வரும், பிரபு ஏன் அங்கே உடைகளைத் தொங்கவிட்டார் என்றெல்லாம் பத்து நிமிடம் விளக்கினேன். மைக் இல்லாமல், முகத்தைப் பார்த்து. பவானி அக்கா முன்னால் நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி, கண் இமைக்காமல் கேட்டார். அப்படி ஒரு ஆர்வத்தை நான் பல்கலைக்கழகத்தில்கூடக் கண்டதில்லை. ஏதாவது கேள்வி உண்டா என்றேன்.

"அறுநூறு வருசத்துக்கு முந்தி அவன் போன இடத்தைக் காட்டினது சந்தோசம். நான் இப்ப எங்கை போறது?"

நுழைவுச் சீட்டு

இரண்டாம் ஞாயிறு முப்பத்தொரு பேர். அவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் யாரோடும் சேராமல், வெறும் சன்னல் துளையோடு நின்ற மேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகே போய், இந்தப் பக்கம் போரில் விழுந்தது என்றேன். தலையாட்டினார். உத்தரம் செருகியிருந்த குழிகளைக் காட்டி, இது மேல்மாடி என்று அவரே சொன்னார். பிறகு கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கடை வீடும் இப்பிடித்தான் நிக்குது, பிள்ளை. அதுக்கு இன்னும் ஒருத்தரும் டிக்கெட் போடேல்லை."

முப்பத்தொரு சோடி

அதே நாள். இடிபாட்டின் சாவி ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு அம்மாள் ஒருவரிடம் இருக்கும். நான் அவரை மதாம் என்று மட்டும் அழைப்பேன். சீட்டுக் கிழிப்பதும் புல் வெட்டுவதும் அவரேதான். அவர் சொன்ன நிபந்தனைகள் நீளமானவை: தொடக் கூடாது, ஏறக் கூடாது, கத்தக் கூடாது. நான் அவற்றை மொழிபெயர்க்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதைவிட, அத்தனை பேருக்கு முன்னால் "கூடாது" என்று சொல்ல வாய் வரவில்லை என்பது சரி.

முற்றத்தின் கிழக்கு மூலையில் பழைய சிற்றாலயம். சிலை இல்லை, சிலுவை இல்லை, வளைந்த அரைச்சுவர் மட்டும். "இது கோயிலாக இருந்தது" என்று சொல்லிவிட்டு நான் குறிப்பைப் புரட்டி முடிப்பதற்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஈரப்புல்லில் முப்பத்தொரு சோடி வரிசையாக நின்றன. பிரெஞ்சில் மட்டுமே பேசும் பிள்ளைகள்கூட முணுமுணுத்தபடி கழற்றினார்கள். மதாம் ஓடி வந்தார்; தொலைந்தேன் என்று நினைத்தேன். செருப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆறு பலகை எழுதி வைத்திருக்கிறேன், ஒருவரும் மதிப்பதில்லை. இவர்களிடம் நீ என்னம்மா சொன்னாய்?"

கொப்பி

மதாமுக்குப் பிடித்து என்ன பயன்? மூன்றாம் ஞாயிறு பத்தொன்பது பேர்தான். கடையில் சனங்கள் குறை எழுத ஒரு கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம், கட்டித் தொங்கும். திங்கட்கிழமை முதலாளி அதை என் முன்னால் வாசித்தார். கூரை இல்லை. காற்று. ராசாக்களின் பெயர் எல்லாம் ஒரே மாதிரி. வாத்து கொத்த வருகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரைக்கும் புதிய ஓடு போட வேண்டும் என்பதைக் கவனித்தேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கொப்பியை மூடிவிட்டுச் சொன்னார்: "வாற ஞாயிறு நானும் வாறன். சனம் அங்கையும் கொட்டாவி விட்டா, பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது, தங்கச்சி."

கிடங்கு

நான்காம் ஞாயிறு இருபத்தாறு பேர், அதில் ஆறு பேர் முதலாளியின் சொந்தக்காரர்கள். வேறு பொழுதுபோக்கில்லை என்று பவானி அக்காவும் செல்வராசா அண்ணையும் மறுபடி வந்திருந்தார்கள். நான் அகழிக்கரையில் நின்று, மனப்பாடம் செய்த அரசர் வரிசையைத் தொடங்கினேன். மூன்றாவது அரசரில் முதல் கொட்டாவி. முதலாளி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது செல்வராசா அண்ணை அகழியைக் காட்டி, ஆருக்குப் பயந்து இவ்வளவு பெரிய கிடங்கு வெட்டினவன் என்று கேட்டார்.

என் ஆய்வேட்டில் எனக்கே கொஞ்சம் வெட்கமான பகுதி அது. அரசர் யாரும் இங்கே வரவேயில்லை என்று மெதுவாகச் சொன்னேன். பயந்தது பக்கத்துக் காணிக்காரனுக்கு. ஓடைக்கரையில் ஒரு மாடு நடக்கிற அகலத்தில் நிலம். எல்லைக் கல்லை ஆண்டுக்கு ஆண்டு யாரோ நகர்த்தினார்கள். வழக்கு மூன்று தலைமுறை நடந்தது. அதற்குள் இவன் கோபுரம் கட்ட, அவனும் கட்டினான்.

 பிறகு இருபத்தாறு பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். கல்லை முதலில் நகர்த்தியது யார், நில உறுதிப் பத்திரம் யார் பெயரில், ஓடையின் தண்ணீர் யாருக்கு, இடையில் சம்பந்தம் ஏதும் பேசினார்களா? எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். ஒருவரும் விடவில்லை. செல்வராசா அண்ணை பிரபுவின் பக்கம். பவானி அக்கா, இப்படி ஒரு கிடங்கு வெட்டுகிறவன்தான் கல்லை நகர்த்தியிருப்பான் என்று பக்கத்து வீட்டின் பக்கம். சனம் இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடியது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். முதலாளியைக் காணோம் என்று தேடினால், அவர் தனியாக அகழியின் பழைய பாலத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். ஊரில் மச்சானோடு வேலி வழக்கு பத்தொன்பது வருடமாக நடக்கிறது என்று அவருடைய சொந்தக்காரர் என் காதில் சொன்னார். மறு கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலாளி அங்கிருந்தே எனக்குச் சொன்னார்:

"கெட்டிக்காரன், தங்கச்சி. இந்த அகலத்துக்கு வெட்டினா எந்த மச்சானும் ஒரு சாண் நகர்த்தேலாது."

கையெழுத்து

புதன்கிழமை முதலாளி ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்து, ஒரு பிரச்சினை என்றார்.  பவானி அக்கா கூசேன்வில் முழுக்கத் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். ஒரு பக்கக் கதையைக் கேட்டு முடிவுக்கு வர முடியாது, மற்றவனுடைய வீட்டையும் பார்க்க வேண்டும் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள், பேருந்து நிறைந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஒரு கல்கூட மிச்சமில்லை, அந்த இடம் இப்போது பீட்ரூட் வயல். அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்:

"எல்லை தெரியுமெல்லோ? அது போதும்."

ஆக, இத்தனை வருடம் வரலாறு படித்த நான், வருகிற ஞாயிறு ஐம்பத்திரண்டு பேருக்கு ஒரு பீட்ரூட் வயலைக் காட்டப்போகிறேன், நிரந்தர ஊழியராக.