ஃபோர்மேன்கள் மட்டும் வேலை பார்த்த தொழிற்சாலை

டிரைவிங் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் படிப்பது வரலாறு. கிளட்ச், கியர் எல்லாம் பிறகுதான். "கண்ணாடியைச் சரி பண்ணுங்க, பெல்ட்டைப் போடுங்க" என்று ஆரம்பிப்பாள். அடுத்த மூச்சிலேயே, "உங்க வீட்ல யாராவது அந்த ஃபேக்டரில வேலை பாத்தாங்களா?" என்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்த பதற்றத்தில் ஒருவருக்குப் பொய் சொல்ல நேரம் இருக்காது என்பது அவளுடைய ஆராய்ச்சி முறை. மனிதர்கள் பதற்றத்திலும் பிரமாதமாகப் பொய் சொல்வார்கள் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருக்கிறது. இருக்கிறது என்றால், நான்கு சுவர், பாதிக் கட்டடத்துக்கு மட்டும் கூரை, வானத்தைக் குத்தும் ஒரு புகைபோக்கி, வாசலில் ஒரு தூண். தூண்கள் இரண்டாக இருந்தவைதான். இடது பக்கத்துத் தூணின் கதை பின்னால் வருகிறது. வந்தே சேராத லாரிகளுக்காகப் போட்ட அகலமான சாலை கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறது. குறுக்கே வர ஆளும் கிடையாது, திட்ட ஆளும் கிடையாது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு பிரேக் வைத்த தன் சின்ன வெள்ளைக் காரில், ஊரில் பாதிப் பேரை அந்தச் சாலையில்தான் அக்கா ஓட்டுநராக்கினாள்.

போன வருடம் நகராட்சி அதையெல்லாம் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப்போவதாக அறிவித்தது. அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சாலை போனால் கடைத்தெருவில் கற்றுக்கொடுக்க வேண்டும். அங்கே முதல் நாளே யாராவது பழக்கடைக்குள் போய் காரை நிறுத்துவார்கள். மறுநாள் பள்ளிக்குப் பூட்டுத்தான். ஆனால் நகராட்சித் தலைவர் ஒரு கூட்டத்தில், கட்டடத்துக்கு வரலாறு இருப்பதாக யாராவது நிரூபித்தால் இடிக்க மாட்டோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த வாய் தவறலை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விசாரிக்க ஆரம்பித்தாள். அது சோப்புத் தொழிற்சாலை என்று மருந்துக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறதாம். பிஸ்கட் என்றார் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவருக்கும் வாசனைதான் சாட்சி. சைக்கிள் என்றாள் தையற்கடைக்காரி. என்ன தயாரித்தார்கள் என்பதில்தான் இத்தனை தகராறே தவிர, ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது. எல்லோருடைய அப்பாவும் அங்கே ஃபோர்மேன். மூட்டை தூக்கியவர், பெருக்கியவர், எண்ணெய் போட்டவர் என்று ஒருத்தருடைய அப்பாகூட இல்லை. ஃபோர்மேன்கள் ஃபோர்மேன்களையே மேய்த்து நடத்திய தொழிற்சாலை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கேட்கிற யாரும் சிரிப்பார்கள், அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவளுடைய அப்பாவும் அங்கே ஃபோர்மேன்.

இடது தூணைப் பற்றியும் ஊரில் ஒரு வீரக் கதை உண்டு. பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் அதைத் தள்ளிச் சாய்த்தார்களாம். உண்மை அக்காவுக்குத் தெரியும். இப்போதைய நகராட்சித் தலைவர், ஜவுளிக்கடை மட்டும் வைத்திருந்த காலத்தில், அக்காவிடம் ஓட்டக் கற்கும்போது, ரிவர்ஸ் கியர் போட்டுக்கொண்டு பின்னால் பார்க்காமல் முன்னால் பார்த்தார். அக்கா பிரேக்கை மிதிப்பதற்குள் தூண் படுத்துவிட்டது. மருத்துவர்கள் நோயாளியைப் பற்றி வெளியே பேசுவதில்லை அல்லவா, அந்த மரியாதையில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில், மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று புகைபோக்கியைக் கேட்கப் போனாள். எலெக்ட்ரீஷியனான கணவர் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போனார். அடியில் இருந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் போன மாதிரியே திரும்பி வந்தாள்.

"என்ன, இவ்வளவு சுத்தமா வர்றே?" என்றார் கணவர்.

"உள்ள கரியே இல்லைங்க. செங்கல் புதுசு மாதிரி இருக்கு. இங்க ஒரு நாள்கூட அடுப்புப் பத்தவைக்கலை."

இருவரும் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க, தங்கள் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, கணவரின் அப்பாவும் தான் அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன் என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். இரண்டு ஃபோர்மேன்களும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நீங்க எந்த ஷிப்ட்?" என்றார் அக்காவின் அப்பா. "நைட்" என்றார் கணவரின் அப்பா. "அதான். நான் பகல்." அதற்கு மேல் எதுவும் கேட்காமல் சம்பந்தத்தை முடித்துவிட்டார்கள்.

சிரித்து முடித்ததும் கணவர் யோசனை சொன்னார். "பேசாம சோப்புன்னு சொல்லிடு. அதான் உள்ள அவ்வளவு சுத்தம்னு நம்பிடுவாங்க."

அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் பள்ளி பிழைத்துவிடும். ஆனால் நாளைக்கே யாராவது டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தால், பொய்யும் போகும், சாலையும் போகும்.

நகராட்சிக் கூடத்தில் எள் போட இடமில்லை. எல்லாம் ஃபோர்மேன் வாரிசுகள். அக்கா தன் அப்பாவும் மாமனாரும் ஷிப்ட் பிரித்துக்கொண்டதிலிருந்து ஆரம்பித்து, கரி இல்லாத புகைபோக்கி வரை ஒளிக்காமல் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாருங்கறியா?"

"உங்கப்பா எந்த ஷிப்ட்டுண்ணே?"

"நைட்."

"அப்ப எங்க மாமனாருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா. கூடம் சிரித்ததில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. அங்கே எதுவுமே தயாராகவில்லை என்று இந்த அம்மாவே சொல்லிவிட்டதால் கிடங்கு வேலையைத் தொடங்கலாம் என்று ஃபைலை மூடப் போனார்.

"எதுவும் தயாராகலைன்னு நான் சொல்லலையே, தலைவரே" என்றாள் அக்கா. "டிரைவருங்க தயாராகியிருக்காங்க. இந்த ஊரு வண்டியில பாதி அங்கேருந்துதான் கிளம்பிச்சு. இந்த மேடையிலகூட ஒருத்தர் இருக்காரு."

தலைவர் தண்ணீர் குடித்தார்.

"அந்த இடது தூண் வேலைநிறுத்தத்துல விழலை. எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்கதான் தலைவர், நீங்க சொல்லுங்க."

தலைவர் தம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் கட்டடத்துக்கு ஏதோ ஒரு வரலாறு இருக்கிறது என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் எண்ணம் உண்டு என்றார். கிடங்கை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். அவர்கள் எல்லோரும் அக்காவிடம் ஓட்டக் கற்றவர்கள், அவரவர் இடித்ததை நினைத்துத் தட்டியிருக்கலாம்.

இப்போது மிச்சமிருக்கும் தூணில் நகராட்சி ஒரு பலகை மாட்டியிருக்கிறது: "பலருக்குப் பயிற்சி அளித்த தொழிற்கூடம்." படிக்கிற ஒவ்வொரு வாரிசும் தன் அப்பாவைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று திருப்தியோடு போகிறார்.

போன வாரம் தலைவரின் மனைவி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். கண்ணாடியைச் சரி செய்தார், பெல்ட்டைப் போட்டார். பழக்க தோஷம், அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எங்கப்பா அங்க ஃபோர்மேன்" என்றார் அந்தம்மா பெருமையாக, அக்காவின் பக்கம் திரும்பி. கார் தூணைப் பார்த்துப் போனது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு தூண் போதும் என்று அக்காவின் கால் ஏற்கெனவே முடிவு செய்து, இரண்டாவது பிரேக்கின் மேல் தயாராக இருந்தது.