எரிந்த மோட்டாரும் என் வார்த்தையும்

எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை எரித்தது நான்தான். அதற்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டியவர் மட்டமான கம்பி போட்டு ஏமாற்றிவிட்டார் என்று ஊரில் சொன்னதும் நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் சொன்னதை யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அந்தப் பொய்யால் ஒருவர் கடையை மூடினார்.

ஓய்வு பெற்றதும் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே ஓர் அறையை என் சோதனைகளுக்கு எடுத்துக்கொண்டேன். களத்தில் சோளம் காயும்போது தூறல் விழுந்தால் ஒலிக்கும் மணி, மாட்டுத் தொட்டி நிறைந்தால் எரியும் விளக்கு என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். மணி, பனிக்கும் அடிக்கும். விளக்கை மாடு முட்டி உடைத்தது. என் மனைவி அந்த அறைக்கு ‘ஷாக் ரூம்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

பிறகு போனில் மோட்டார் போடும் கருவி செய்தேன். பழைய பட்டன் போன் ஒன்றைப் பிரித்து, அது அதிரும்போது வரும் மின்சாரத்தை ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ஒன்றுக்குக் கொடுத்து, ரிலேயை மோட்டார் ஸ்டார்ட்டருடன் இணைத்தேன். எங்கிருந்து கூப்பிட்டாலும் மோட்டார் ஓடும். இன்னொரு முறை கூப்பிட்டால் நிற்கும். கடையில் விற்பதுதான். ஆனால் நானே செய்தேன் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது தோட்டங்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் இரண்டு பேஸ்தான். பயிர் வாடினால் எங்கள் பக்கத்தில் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்து இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். தப்புதான் என்றாலும் அதற்கு ஒரு முறை உண்டு. ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடிக்கடி மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நானும் கண்டென்சர் வைத்திருந்தேன். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவி என் ரிலேயைத் தொந்தரவு செய்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டேன். தொட்டுப் பார்க்கும் கை இல்லாமல் மோட்டார் ஓட்டக் கிளம்பினேன்.

காரமடையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது என் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு சம்பந்தி நம்பவில்லை. அவர் முன்னாலேயே போனை எடுத்துக் கூப்பிட்டேன். இந்நேரம் என் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது என்றேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அது இரண்டு பேஸ் நேரம் என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிப்போயிருந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கிணற்று மேட்டில் வார்னிஷ் கருகிய நாற்றம்.

அந்த மோட்டாருக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் புதிதாகக் காயில் கட்டியிருந்தது. கட்டியவர் மெயின் ரோட்டில் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். இவர் மோட்டார் கம்பெனியில் தொழில் பழகி, சொந்தமாகக் கடை போட்டவர். எரிந்த மோட்டாரை அவர் கடைக்கே கொண்டுபோனேன். பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சில கம்பிக் கட்டுகள் கரியாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்துக் கட்டுகள் செம்பு நிறம் மாறாமல் இருந்தன. கம்பி மட்டம் என்றால் எல்லாக் கட்டும் ஒன்றுபோல் கருகும். ஒரு பேஸ் இல்லாமல் ஓடினால்தான் இப்படி எரியும். வகுப்பில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

“ஏனுங்க சார், ரெண்டு பேஸ்ல ஓட்டுனீங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

என்னுடன் வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், என்னை மாமா என்று கூப்பிடும் மாப்பிள்ளை முறைக்காரர், கேட்டுக்கொண்டு நின்றார். கல்யாணப் பந்தியில் நான் காட்டிய வித்தைதான் மோட்டாரை எரித்தது என்று இவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது. திரும்பும் வழியில், கம்பி சரியில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அவர் அதைப் பால் சொசைட்டியில் சொன்னார். கேட்டவர்கள் என்னிடம் வந்து விசாரித்தபோது, ஆமாம் என்றேன். வாத்தியார் ஒரு பக்கம், கூலிக்காரர் மகன் ஒரு பக்கம். யாரை நம்புவது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. ஒரு வருடத்துக்குள் கடை மூடியாயிற்று.

ஆறு வருடம் கழித்துச் சரவணம்பட்டி போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஏதோ கம்பெனியின் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “உக்காருங்க சார்” என்று இடம் விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்கும் வரை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியில் அவர் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

“நான் போட்ட கம்பி நல்லதுன்னு எனக்குத் தெரியுமுங்க. எங்கிட்டச் சொல்லி என்னாவுது? தெரியாதவங்க அங்க இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் நின்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பேஸ் போனது தெரியாதவரா சார் என்று ஒருவர் சிரித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் தோளில் கை வைத்தார்.

“அவன் பொழப்புப் போச்சேன்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. இந்த மனசு யாருக்குங்க மாமா வரும்?”

பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் என்னைப் பெரிய மனிதன் ஆக்குகிறார்கள். என் வார்த்தையால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புரிந்தது.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஓடக்கூடிய சின்ன மூன்று பேஸ் மோட்டார் ஒன்றை வாங்கிவந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் இன்னும் நாலைந்து பேரையும் கூப்பிட்டேன். மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டு, ஒரு பேஸைப் பிடுங்கினேன். முனகிக்கொண்டே ஓடியது. ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கை வைக்க முடியாத சூடு வந்தபோது நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. புகை வந்தது. ஆறியதும் பிரித்துக் காட்டினேன். கரி ஒரு கட்டு, செம்பு ஒரு கட்டு. என் மோட்டார் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்ணால் பார்த்தவர். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப அன்னைக்கு?”

“பொய் சொன்னேன்.”

“நான் எத்தன பேருகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க மாமா” என்றார். டீ குடிக்காமல் போய்விட்டார்.

யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமெல்லாம் அவரே போய் மாற்றிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சித்திரையில் அவருடைய மோட்டார் எரிந்தபோது ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சரவணம்பட்டிக்கு, காயில் கட்டியவர் வீட்டுக்கே போனார். இப்போது எங்கள் பக்கத்து மோட்டார்கள் பலவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் போகின்றன. கடை திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அவரும் கம்பெனி வேலையை விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் பேசுவார், ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

போன மாதம் என் மோட்டாரையும் அங்கே கொண்டுபோனேன். காயில் கட்டியவர் காபி கொடுத்தார். வாசலில் வரிசையாக இருந்த மோட்டார்களில் யார் யாருடையவை எவை என்று காட்டினார். என்னுடையதை மட்டும் ஆட்டோவிலிருந்து இறக்க விடவில்லை.

“உங்களுதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சார். எனக்கு வேணாமுங்க.”

சரிங்க என்று சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.