இரவில்லாத தீவுகளின் சட்டம்

ஞானஜோதிக்கு எடுத்த காரியத்தைப் பாதியில் விடத் தெரியாது. இரும்புலியூரில் அவளை அறிந்தவர்கள் இதைப் பாராட்டாகவும் சொல்வார்கள், புகாராகவும் சொல்வார்கள். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள், சொன்னது சொன்னதுதான். கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வார்த்தையை அடிக்கிற விரல்கள். தன் வாயிலிருந்து வரும் வார்த்தைக்காக யாராவது காத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

1978இல் தன் நாட்டுக்குத் திரும்பிய அமெரிக்கப் பேராசிரியை ஒருவர், இரண்டு விளையாட்டுப் பெட்டிகளை அவளிடம் தள்ளிவிட்டுப் போனார். இரண்டும் ஒரே ஜாதி. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, தான் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடத்துகிறவர் ஒருவர், அதனால் என்ன ஆயிற்று என்று சொல்வார். ஜெயமா தோல்வியா என்பதற்குப் பகடை. முதல் பெட்டியில் விதிகள் கச்சிதம். ஆனால் உலகம் என்று பார்த்தால் வெறும் இருட்டுக் குகை. இரண்டாவது பெட்டியில் சூரியன் மறையாத தீவுகள், கடலோடு வழக்காடும் ராணிகள் என்று கொள்ளை அழகு. அதன் விதிப்புத்தகத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. குகை விதிகளைத் தீவுகளுக்குப் போட்டு, ஆட்டத்தைத் தானே நடத்துவது என்று ஜோதி முடிவு செய்தாள்.

ஆட வந்தது பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கனும் அவர் மனைவி காமுவும். ஸ்ரீரங்கனுக்குத் தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம். அச்சில் வந்த விதி என்றால் உயிர். அவர் வந்தார், அதனால் காமு வந்தாள். காமுவின் முறை வரும்போதும் பதில் சொல்வது அவர்தான். "அவ பின்னாடி நிப்பா," என்பார்.

முதல் சனிக்கிழமையே ஸ்ரீரங்கன் ஓர் ஓட்டையைப் பிடித்துவிட்டார். "மந்திரவாதி ராத்திரி தூங்கி எழுந்தாத்தான் மந்திரம் திரும்ப வரும்னு போட்டிருக்கு. உங்க தீவுல ராத்திரியே கிடையாதே?"

ஜோதி அந்த வாரம் முழுக்க யோசித்தாள். பதவி உயர்வு ஆணை ஒன்றில் இரண்டு எழுத்துப்பிழை விட்டாள். அடுத்த சனிக்கிழமை, "கடல் உள்வாங்கும்போது மந்திரம் திரும்பும், சார்," என்றாள். ஸ்ரீரங்கன் குறை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

அடுத்த தடை அவள் அண்ணன் வேதசிரோமணி. பள்ளி ஆசிரியர், சர்ச் சபைக் கமிட்டியில் வேறு இருந்தார். "சிலுவைக்குக் கீழ சேவகர் இயேசுவோட அங்கிக்குப் பகடை உருட்டினது ஞாபகம் இருக்கா? இந்த வீட்டுல பகடை உருளாது, ஜோதி."

பகடை இல்லாவிட்டால் என்ன? பள்ளிக்கூடத்தில் பையன்கள் புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எண்ணிக் கிரிக்கெட் ஆடுகிறார்களே, அதே வழிதான். வீட்டில் கைக்குக் கிடைத்த ரயில்வே கால அட்டவணையை எடுத்தாள்.

அங்கேதான் வந்தது வினை. ஸ்ரீரங்கனின் வீரன் வாளை ஓங்கினால் நாலு. ஈட்டியை எறிந்தால் நாலு. நாலுக்குச் செத்த கொசு கூட விழாது. "இந்தப் புஸ்தகமே சரியில்லை," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஜோதி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். கிளம்பும்போது அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன், ஜோதி. இப்படியே இருந்தா நாங்க வரலை."

நாங்க என்றால் காமுவும்தான். இரண்டு பேரும் போனால் ஆட்டமே இல்லை. சனிக்கிழமை மறுபடி துணி துவைக்கிற நாளாகிவிடும்.

திங்கட்கிழமை அண்ணன் ரயில் நேரம் பார்க்க அட்டவணையைத் தொட்டார். அது தானாகக் கடற்கரை–தாம்பரம் பக்கத்தில் விரிந்தது. வருஷக்கணக்காக அந்த வீடே புரட்டிப் புரட்டி, தைத்த நூல் தளர்ந்துபோன பக்கம். எண் எண்பத்து நாலு. கூடம் நிஜமாகவே கோணல்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை வெட்டி, பின்னால் எண் போட்டு, பிஸ்கட் டப்பாவில் குலுக்கினாள். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"புது வருஷத்துக்குக் கோயில்ல வாக்குத்தத்த அட்டை எடுக்கறோம்ல அண்ணா, அந்த மாதிரி."

"அதுல இருக்கிறது தேவ வசனம்."

"வசனத்தை வெச்சு விளையாடினாத்தான் தப்பு. இதுல வெறும் நம்பர்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கனுக்கு எல்லாம் நன்றாகவே விழுந்தது, கடல்பாம்பு பாலத்தை மறிக்கும்வரை. அட்டை எடுத்தார். ஒன்று. அதைவிடக் கீழே எண்ணே கிடையாது. வீரன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தான்.

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கோ," என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்க தீவுல ஏதாவது வழி இருக்காதா?"

ஒரு மீனவன் வந்து காப்பாற்றினான் என்று சொன்னால் போதும். அவர் அடுத்த வாரமும் வருவார். வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் இன்று இவருக்காக வளைத்தால், நாளை அவள் சொல்லுக்கு இந்த மேஜையில் என்ன மதிப்பு?

"விதிப்படி செத்தாச்சு, சார். அடுத்த வாரம் புது ஆள் எடுத்துக்கலாம்."

ஸ்ரீரங்கன் எழுந்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார். "காமு, கிளம்பு."

ஜோதி டப்பாவை மேஜை நடுவில் நகர்த்தினாள். கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முறைப்படி அடுத்தது காமு. அவளைப் பார்த்தே கேட்டாள்.

"காமு, பாம்பு இன்னும் பாலத்துலதான் இருக்கு. நீங்க என்ன பண்றீங்க?"

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். ஆட்டத்தில் செத்தவர் மற்றவர் முறையில் பேசக் கூடாது என்பது விதி. போன மாதம் புத்தகத்தில் விரல் வைத்து வாசித்துக் காட்டியவரே அவர்தான். வாயை மூடிக்கொண்டார்.

காமு வாசலைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் தாண்டறேன்," என்றாள்.

டப்பாவுக்குள் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள். கணவர் பக்கம் திருப்பாமல், தானே எண்ணைப் படித்துவிட்டு, ஜோதியிடம் நீட்டினாள்.