ஒழுகல் செட்டு

தளம் ஒழுகினால் பழி அதை அடித்தவள் மேல்தான். சுண்ணாம்பு சரியாக நீறாமல் இருந்திருக்கலாம், ஜல்லியில் மண் கலந்திருக்கலாம், மூன்று நாள் அடிக்க வேண்டியதை ஒரே நாளில் நிறுத்தியிருக்கலாம். அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். "பொம்பளைங்க ஒழுங்கா அடிக்கல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

நான் சொல்வது அறுபதுகளில் நடந்தது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். மெஷின் ஓடும் ஷெட்டுக்குத் தகரக் கூரை போதும். ஆபீசுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் மெட்ராஸ் தளம் வேண்டும் என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லை நெருக்கி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை அரைச் சாண் உயரத்துக்குக் கொட்டுவார்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. கொட்டுவதோடு ஆண்களின் வேலை முடிந்தது. அதை அடித்து இறுக்குவது எங்கள் வேலை.

அஸ்திவாரத்தில் கான்கிரீட்டைக் குத்த ஆண்களுக்குத் திமிசு இருந்தது. அடியில் கனத்த இரும்பு, மேலே நீளக் கைப்பிடி. நின்றபடி தூக்கிப் போடுவார்கள், பார்க்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எங்களுடையது வெறும் மரக்கட்டை. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். விரல் முட்டி தளத்தில் இடிக்காதபடி கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிச் செதுக்கியிருப்பார்கள். பன்னிரண்டு பேர் குத்துக்காலிட்டு வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்துக்கொண்டே பின்னால் நகர்வோம். வெயில் உச்சந்தலையில் இருக்கும். அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர் எவரும் இல்லை.

முதல் நாள் அடி சொத்சொத்தென்று விழும், கட்டை உள்ளே இறங்கும். இரண்டாம் நாள் சத்தம் கொஞ்சம் கெட்டியாகும். மூன்றாம் நாள் கட்டை கையில் துள்ளும், அடித்த இடத்தில் தடம் இருக்காது. அப்போது வரிசையில் யாராவது ஒருத்தி "போதும்" என்பாள். எல்லோரும் கட்டையைக் கீழே வைப்போம். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு நெல் கிடங்கில்தான் அந்த நினைப்பு உடைந்தது. ஒரே நாள் அடித்திருந்தோம். மேஸ்திரி ஏணியில் ஏறி நின்று, "போதும், எறங்குங்க" என்றார். அவரை அவர் என்று எழுதுவது பழக்கத்தினால். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டை இன்னும் உள்ளே இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். ஐப்பசி மழையில் தளம் ஒழுகி மூட்டையிலேயே நெல் முளைத்துவிட்டது. கிடங்குக்காரர் கேட்டபோது மேஸ்திரி, "பொம்பளைங்க தூங்கிக்கினு அடிச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒழுகல் செட்டு என்று பெயர். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நின்றால், வேலைக்கு ஆள் எடுக்க வரும் மற்ற மேஸ்திரிகள் எங்களைத் தாண்டிப் போய் அடுத்த செட்டைக் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே போவார்கள். அது போதாதா எங்களுக்கு! ஒரு வருடம் முழுக்க மண் சுமந்தோம், கல் பொறுக்கினோம். என் நாத்தனாரும் அதே செட்டில்தான் இருந்தாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அவளே அந்தப் பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறு வருடம் அதே மேஸ்திரி எங்கள் காலனிக்கு வந்தார். ஒரு கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தளம் அடிக்க வேண்டும், வேறு செட்டு கிடைக்கவில்லை. நாங்கள் போனோம். பெயரைக் கெடுத்தவனிடமே வேலை செய்து அந்தப் பெயரை மாற்றிக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. இந்தத் தடவை பாதியில் இறங்க மாட்டேன் என்று நாத்தனாரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானமே ஏணியில் மேஸ்திரியின் தலை தெரிந்தது. தளத்தின் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிக்கிற கொத்தனார்கள் திருவாலங்காட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டார்களாம். அவர்களை உட்கார வைத்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார்களாம்.

"போதும், எல்லாரும் எறங்குங்க."

"இன்னும் ஆவல மேஸ்திரி. கட்டை உள்ள போவுது, பாருங்க" என்று அடித்துக் காட்டினேன்.

"எனக்கு சொல்லிக் குடுக்கறியா நீ? பேஜாரு பண்ணாத, எறங்கு."

கட்டைகளைப் பிடுங்கி ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டி, ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார். வெறுங்கையால் தளம் அடிக்க முடியுமா? இறங்கினோம். மறுபடியும் இறங்கிவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் நாத்தனார் என்னைத் தேடி வந்தாள். முந்தானையில் சிமெண்ட் அப்பியிருந்தது.

"அண்ணி, சுண்ணாம்புத் தளத்துக்கு எதுக்கு சிமெண்ட்டு?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"மேஸ்திரி என்னை சட்டி தூக்கிக்கினு மேல வரச் சொன்னாரு. ஏணிக்குப் பக்கத்துல ஒரு முழத்துக்கு சிமெண்ட்ட கலந்து இறுக்கினாரு. மேல சுண்ணாம்ப தூவி மறைச்சிட்டாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் காலை கம்பெனி இன்ஜினியர் சோதித்துப் பார்க்க வருவார். தளத்தில் கையளவு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் அப்படியே நின்றால் தளம் இறுகியிருக்கிறது, உள்ளே இழுத்தால் இறுகவில்லை. ஏணியில் ஏறியதும் முதலில் கால் படுகிற இடத்தில்தான் மேஸ்திரி குழி வெட்டுவார். தண்ணீர் நிற்கும், இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், தட்டோடு மூடிவிடும். அப்புறம் ஐப்பசியில் ஒழுகும். அப்போது யாரைச் சொல்வார்கள்?

சோதனைக்குத் தண்ணீர் வேண்டுமே, அதைச் சுமக்க ஒரு பொம்பளை வேண்டும். மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானே முன்னால் போய் நின்றேன். மேஸ்திரி முறைத்தார். ஆனால் இன்ஜினியர் அதற்குள் ஏணியில் கால் வைத்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட, படிப்பை முடித்துக்கொண்டு புதிதாக வந்த ஆள்.

நினைத்தபடியே நடந்தது. ஏணிக்குப் பக்கத்தில் மேஸ்திரி உளி வைத்து வெட்டினார். நான் ஊற்றினேன். தண்ணீர் அசையாமல் நின்றது. இன்ஜினியர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான் குடத்தோடு தளத்தின் நடுவுக்கு நடந்தேன்.

"சார், இங்கயும் ஒரு குழி வெட்டிப் பாருங்க சார்."

"ஏய், குடத்த வெச்சிட்டுக் கீழ போ!" என்று மேஸ்திரி கத்தினார்.

நான் உட்கார்ந்தேன். உளி எல்லாம் தேவைப்படவில்லை. கிடந்த கரணையால் இரண்டு தடவை சுரண்டியதும் ஜல்லி பொலபொலவென்று வந்தது. குழியில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின சுவடு தெரியாமல் உள்ளே போய்விட்டது. இன்னொரு தடவை ஊற்றினேன். அதுவும் போய்விட்டது.

மேஸ்திரி ஒரு நொடிகூடத் திணறவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"பாத்தீங்களா சார், இவங்க அடிச்ச லட்சணத்த? இவங்களுக்குப் பேரே ஒழுகல் செட்டு சார்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை.

"நீங்கதான அடிச்சீங்க?"

"நாங்கதான் சார். ஆனா இன்னும் முடிக்கல. ரெண்டாம் நாளு பாதியிலயே கட்டையப் புடுங்கிக்கினு எறக்கி வுட்டாரு. மூணு நாளு வேல சார் இது."

"பொய் சார்! அப்ப அந்தக் குழியில மட்டும் எப்படித் தண்ணி நிக்குதாம்?" என்றார் மேஸ்திரி.

அவராகவே வந்து மாட்டிக்கொண்டார். நான் பதில் சொல்வதற்கு முன் கீழே தரையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு ஏணி தேவையில்லை.

"அதுக்கு சிமெண்ட்டு சட்டி தூக்கினவ நான்தான் சார்! மேல இருக்கற சுண்ணாம்ப வழிச்சிட்டுப் பாருங்க!"

இன்ஜினியர் குனிந்து விரலால் வழித்துப் பார்த்தார். சாம்பல் நிறம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். பேனாவைப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார். மேஸ்திரியிடம் இல்லை, என்னிடம்.

"ரெண்டு நாளு சார். கட்டையக் குடுக்கச் சொல்லுங்க."

கட்டை வந்தது. கோணிப்பையைத் தளத்தில் போட்ட மேஸ்திரி என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "இதோட உங்க கதை முடிஞ்சிது. இந்தக் காண்ட்ராக்டருகிட்ட இனிமே உங்களுக்கு வேல கெடையாது" என்றார்.

"சரி மேஸ்திரி. இத முடிச்சிட்டுப் போறோம்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து நான் ஒருத்தி பேசிவிட்டேனே. ஆனால் வரிசையில் ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து கட்டையை எடுத்தார்கள்.

காய்ந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்து, சிமெண்ட் போட்ட இடத்தைப் பெயர்த்து நல்ல கலவையை நிரப்பி, மறுபடி ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு கட்டையும் ஒன்றாக விழ வேண்டுமென்றால் பாட்டு வேண்டும். நாத்தனார் அங்கேயே ஒன்று கட்டினாள்.

"ஏணி மேல ஏறி வந்து
எறங்கச் சொன்ன மேஸ்திரி
மீசையில சிமெண்ட்டு கீது
தொடச்சிக்கினு போ!"

"போ" என்கிற இடத்தில் பன்னிரண்டு கட்டையும் விழும். இரண்டு நாளும் அதே பாட்டுதான். கீழே நிழலில் காத்துக்கொண்டிருந்த திருவாலங்காட்டுக் கொத்தனார்களே இரண்டாம் நாள் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். மேஸ்திரி மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டை துள்ளியது. நான்தான் "போதும்" என்றேன்.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்தார். இடத்தை நான் காட்ட மாட்டேன், நீங்களே பாருங்கள் என்றேன். அவர் ஒரு ஜல்லியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். அது விழுந்த இடத்தில் உளி வைத்துக் குழி வெட்டிய கொத்தனார் வேர்த்துப்போனார். தண்ணீர் ஊற்றினோம். மத்தியானம் ஒரு காக்கை வந்து அந்தக் குழியில் தண்ணீர் குடித்தது. சாயங்காலம் பார்த்தபோது காக்கை குடித்தது போக மிச்சம் எல்லாம் இருந்தது.

கையெழுத்து காண்ட்ராக்டர் பெயருக்குத்தான் விழுந்தது. வாசல் போர்டிலும் அவர் பெயர்தான். எங்களை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஒழுகல் செட்டு என்ற பெயரும் போகவில்லை. தளம் ஒழுகாததை யார் போய் ஊருக்குச் சொல்வார்கள்? ஒழுகினால்தான் செய்தி.

அதனால் நானே போனேன். ஐப்பசியில் அடைமழை மூன்றாம் நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலுக்கு நடந்தேன். கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"வேல ஒண்ணும் இல்ல, போம்மா."

"வேல கேக்க வரலீங்க. சாப்பாட்டுக் கூடம் ஒழுவுதா?"

"இன்னாது?"

"மேல தளம் ஒழுவுதான்னு கேக்கறேன்."

"ஒரு சொட்டு இல்ல. உனக்கு இன்னா அதப் பத்தி?"

"நாங்க பன்னெண்டு பொம்பளைங்க அடிச்சது. யாராவது கேட்டா ஒழுகல் செட்டு அடிச்சதுன்னு சொல்லுங்க."

பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அந்த மழைக்காலத்தில் இன்னும் இரண்டு தடவை போனேன். மறு வருட மழைக்கும் போனேன். அந்தத் தடவை கொட்டகையில் வாட்ச்மேனோடு இன்னொரு ஆளும் ஒதுங்கி நின்றிருந்தார். மேஸ்திரி. கம்பெனியில் இரண்டாவது கட்டடம் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வாட்ச்மேன், "ஒழுவலம்மா, ஒரு சொட்டு இல்ல!" என்று கத்தினார்.

மேஸ்திரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தை பொறந்ததும் பின்னாடி ஆபீசு கட்டறோம். அந்த இன்ஜினியரு உங்க செட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. வரீங்களா?"

"எறங்கறது எப்பன்னு நாங்க சொல்றதா இருந்தா வரோம்."

சாக்கு நனைந்து தண்ணீர் என் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

"சரி" என்றார் கடைசியில்.

எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும், "மழயில கேக்கல மேஸ்திரி, சத்தமா சொல்லுங்க" என்றேன்.